டிராக்டரைத் திருப்பி அனுப்புங்கள்: தாத்தாவின் லாரியை எங்கே தொடங்குவது?

கேள்வி: திருமங்கலத்தை அடுத்த கள்ளிக்குடி பக்கம் எங்கள் தோட்டம். தாத்தா 1968-ல் எடுத்த டாடா மெர்சிடிஸ் பென்ஸ் 1210 லாரி, 2004-லிருந்து அங்கே புளியமரத்தடியில் நிற்கிறது. தாத்தா 2011-ல் காலமாகிவிட்டார். அந்த லாரியை ஓட்டிய அப்பாவுக்கு இப்போது 71 வயது. அப்பா, நான், பிளஸ் டூ படிக்கும் மகன், எட்டாவது படிக்கும் மகள் எல்லோரும் சேர்ந்து அதைப் பழையபடி ஆக்க ஆசைப்படுகிறோம். எஞ்சின் சுற்றவில்லை. ‘டிராக்டரில் கட்டி இழுத்து, ரெண்டாவது கியரைப் போட்டால் பிடித்துக்கொள்ளும்’ என்கிறார் ஊர் மெக்கானிக். செய்யலாமா? எங்கே தொடங்குவது? எதையெல்லாம் நாங்களே செய்யலாம்? ரோட்டில் ஓட்ட முடியுமா? பழைய நட்சத்திரச் சின்னத்தையே வைக்கலாமா?

பதில்: முதலில் டிராக்டரைத் திருப்பி அனுப்புங்கள். இருபது வருடம் நின்ற எஞ்சினில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள், சிலிண்டரின் உள்குழாயான ஸ்லீவோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். டிராக்டர் இழுக்கும் வேகத்தில் அது விட்டுக்கொடுத்தால், விடுவது துரு மட்டுமல்ல, ரிங்கும் உடையும். ஏதாவது ஒரு சிலிண்டரில் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தால் கதை இன்னும் மோசம். தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அன்றைக்கு ஐந்து நிமிட வேலையாகத் தெரிவது, பிறகு பிளாக்கையே மாற்றும் செலவில் முடியும். இதெல்லாம் நடக்காமல் எஞ்சின் பிடித்துக்கொண்டாலும் ஆபத்துதான், ஏனென்றால் அந்த லாரியில் இப்போது பிரேக் கிடையாது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: பிரேக்கில் தொடங்குங்கள். எஞ்சின் இரண்டாவது, பெயின்ட் கடைசி. இன்னொன்று, ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் கழற்றாதீர்கள். முதல் மாத உற்சாகத்தில் வண்டி முழுவதையும் பிரித்துப் போட்ட குடும்பங்கள், எட்டாவது மாதம் எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் பழைய இரும்புக்காரரை அழைப்பது வழக்கம். ஒரு பாகத்தைக் கழற்றி, சுத்தம் செய்து, சரிபார்த்து, திரும்பப் பூட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். சனி, ஞாயிறு மட்டும் வேலை என்றால் ஒன்றரை வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேனரை எடுக்கும் முன் காகிதங்கள். ஆர்.சி. புக் இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கும். வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து உங்கள் பெயருக்கோ அப்பா பெயருக்கோ மாற்ற வேண்டும். புக்கில் ஃபைனான்ஸ் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஆனால் படிவம் 35 கொடுத்து அந்தப் பதிவை நீக்கியிருக்க மாட்டார்கள். கடன் கொடுத்த நிறுவனமே இன்று இல்லை என்றால் அதற்கே சில மாதங்கள் அலைய வேண்டியிருக்கும். வண்டி ஓடவில்லை என்று 2004-ல் எழுதிக் கொடுத்தீர்களா என்பதையும் அப்பாவிடம் கேளுங்கள், வரி பாக்கி அதைப் பொறுத்தது.

ரோட்டில் ஓட்டுவது பற்றி: 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 50 வருடம் தாண்டிய பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பிரிவு சேர்த்தார்கள். அது இருசக்கர வண்டிகளையும் சொந்த உபயோகக் கார்களையும் கருதி எழுதப்பட்டது. சரக்கு லாரிக்கும் தானாகப் பொருந்தும் என்று நம்பிச் செலவில் இறங்காதீர்கள். மதுரை தெற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டி எண், சேஸிஸ் எண் குறிப்பிட்டு எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலமே பதில் வாங்குங்கள். எஃப்.சி. என்ற தகுதிச் சான்று இல்லாமல் பொதுச் சாலையில் சரக்கு வண்டியை இறக்கக் கூடாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைகொடுக்காது. தோட்டத்துக்குள் ஓட்டிப் பார்க்க மட்டும் என்றால் இந்தக் கவலைகள் குறைவு. எப்படியானாலும் சேஸிஸ் எண் அடித்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது. மண்ணெண்ணெயும் பித்தளை பிரஷ்ஷும் போதும். துரு போனதும் காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், ஆர்.டி.ஓ.வில் கேட்பார்கள். அந்த வேலை மகளுக்கு.

அடுத்தது தரை. உங்கள் பக்கம் கரிசல். கோடையில் பாறை மாதிரி இருக்கும், ஐப்பசி மழை பெய்தால் ஜாக்கியை விழுங்கிவிடும். வெறும் செங்கல், ஹாலோ பிளாக் எதையும் முட்டுக் கொடுக்காதீர்கள், அவை எச்சரிக்காமல் நொறுங்கும். ஒவ்வொரு தாங்குமிடத்துக்கும் கீழே 10 மி.மீ. இரும்புத் தகடோ பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டையோ போட்டு, அதன்மேல் 10 டன் தாங்கும் ஸ்டாண்டு வையுங்கள். சக்கரம் நிற்கும் இரண்டு வரிசைக்கு மட்டும் ஆறு அங்குல கான்கிரீட் போட முடிந்தால் அந்தப் பணம் வீண் போகாது. ஸ்டாண்டு வைத்தபின் வண்டியை ஒருமுறை உடம்பால் அசைத்துப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் கீழே படுக்கக் கூடாது. ஆரம்பிக்கும் நாளன்று நீளக் கம்பால் சீட்டுக்கு அடியிலும் சேஸிஸ் இடுக்கிலும் தட்டிப் பார்த்துவிட்டுக் கையை விடுங்கள். எலி குடியிருக்கும் இடத்துக்குப் பின்னாலேயே பாம்பு வரும்.

சக்கரத்தில் ஒரு உயிர் ஆபத்து இருக்கிறது. 9.00-20 டயர் மாட்டிய பழைய டிஸ்க்குகளில் டயரைப் பிடித்து நிறுத்துவது ஒரு லாக் ரிங். துருப்பிடித்த ரிங், காற்று இருக்கும்போது தெறித்தால் பீரங்கிக் குண்டு மாதிரிதான் பாயும். சக்கர நட்டைத் தொடும் முன் வால்வுக்குள் இருக்கும் பின்னைக் கழற்றி, காற்று முழுவதையும் வெளியேற்றுங்கள். இரட்டைச் சக்கரம் என்றால் உள் சக்கரத்துக்கும் சேர்த்து. ரிங்கில் விரிசலோ ஆழமான துருக்குழியோ இருந்தால் தூக்கிப் போடுங்கள். வெல்டிங் வைத்து ஒட்டக் கூடாது. திரும்பக் காற்று அடிப்பதை இரும்புக் கூண்டு வைத்திருக்கும் டயர் கடையில் செய்யச் சொல்லுங்கள். பிள்ளைகள் அந்த இடத்திலேயே இருக்க வேண்டாம். பழைய லாரிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டு எதிர்மரை. ஸ்டட் நுனியைப் பார்க்காமல் நான்கடிக் குழாயைப் போட்டு மிதித்தால் ஸ்டட் முறியும். டயர் பட்டன் (மேல் வெட்டு) நன்றாகத் தெரிந்தாலும் இருபது வருட ரப்பர் ரோட்டுக்கு உதவாது, தோட்டத்துக்குள் நகர்த்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பிரேக். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே சாம்பல் நிறத் தூள் கிடக்கும். கம்பிரஸர் வைத்து ஊதாதீர்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும், நுரையீரலுக்குள் போனால் திரும்பாது. சோப்புத் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியை உறையில் கட்டிப் போடுங்கள். இதைப் பெரியவர்கள் மாஸ்க் போட்டுச் செய்யுங்கள்.

சக்கரத்துக்குள் வீல் சிலிண்டர் இருந்தால் அது ஆயில் பிரேக். மிதியை லேசாக்க நடுவில் ஒரு சர்வோ இருக்கும். அது காற்றில் வேலை செய்கிறதா, வாக்குவமா என்று குழாயைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். டீசல் எஞ்சின் தானாக வாக்குவம் தராது, தனி பம்ப் வேண்டும். காற்று என்றால் டேங்க்கின் அடிப் பிளக்கைத் திறந்து பாருங்கள், துருத்தண்ணீர் வரும். தகடு மெலிந்த டேங்க்கை வெல்டிங் வைத்துப் பிழைக்க வைக்கப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாவற்றையும் பிரியுங்கள். உள்சுவரில் விரல் நகம் மாட்டுகிற அளவு குழி இருந்தால் புது ரப்பர் போட்டும் பயனில்லை, ஒரு மாதத்தில் கசியும். லேத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் அடித்துத் தருவார்கள். கப்பலூர் சிட்கோவோ கே.புதூர் தொழிற்பேட்டையோ உங்களுக்குத் தூரமில்லை, விசாரித்துப் பாருங்கள். ரப்பர்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதீர்கள். ஊதிப் பெருத்து சிலிண்டருக்குள் மாட்டிக்கொள்ளும், மிதித்த பிரேக் திரும்பாது. பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள். ரப்பர் ஹோஸ் அத்தனையும் புதிது. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். இரும்புக் குழாய்களுக்குப் பண்டி டியூப் வாங்கி, முனையை இரட்டை மடிப்பாக விரிக்கச் சொல்லுங்கள். சும்மா செம்புக் குழாய் போட்டால் அதிர்விலேயே வெடிக்கும். லைனிங், ரிவெட் தலைக்கு மேல் 1.5 மி.மீ. கூட இல்லை என்றால் ஒரு ஆக்சிலுக்கு நான்கு ஷூவும் சேர்த்து மாற்ற வேண்டும்.

ஏர் எடுப்பது, அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது, குடும்ப வேலை. அப்பா கேபினில் மிதிக்கட்டும், மகன் சக்கரத்தில் காற்றை வெளியேவிடும் நிப்பிளில் நிற்கட்டும், மகள் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் குறையாமல் பார்க்கட்டும். மாஸ்டரிலிருந்து அதிகத் தூரத்தில் இருக்கும் பின் சக்கரத்தில் தொடங்கி, கிட்டே வந்துகொண்டே இருங்கள். ‘மிதி’, ‘பிடி’, ‘விடு’ என்ற மூன்று சொல் போதும். மகன் நிப்பிளை மூடுவதற்குள் அப்பா மிதியை விட்டுவிட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். திறந்த பிரேக் ஆயில் பாட்டிலை அடுத்த மாதத்துக்கு வைக்காதீர்கள், காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும்.

வண்டி உருண்டு நிற்கும் நிலைக்கு வந்த பிறகு எஞ்சின். முதலில் எது என்று கண்டுபிடியுங்கள், பல வண்டிகளில் பிற்காலத்தில் மாற்றியிருப்பார்கள். ஹீட்டர் பிளக் இருந்தால் பழைய 312 வகை, சிலிண்டர் துளை 90 மி.மீ., பிஸ்டன் வீச்சு 120. ஹீட்டர் பிளக் இல்லாமல் 92-க்கு 120 என்றால் 692, அதாவது 4.788 லிட்டர். 97-க்கு 128 என்றால் 697, 5.675 லிட்டர். 697 என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், அது பின்னாளிலும் நிறைய லாரி, பஸ்களில் ஓடிய எஞ்சின். 312 என்றால் சாமான் தேடவே ஒரு தனி ஆள் வேண்டும். நாமக்கல், சங்ககிரி பக்கம் லாரிக்காரர்களிடம் சொல்லி வையுங்கள்.

ஆறு இன்ஜெக்டரையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் 50 மி.லி. அளவு டீசலும் ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும்) ஆயிலும் பாதிப்பாதி கலந்து ஊற்றுங்கள். ஒரு வாரம் விடுங்கள், இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் சேருங்கள். வால்வுகளை அமுக்கும் ராக்கரின் கவரைத் திறந்து, வால்வு தண்டுகளிலும் அதே கலவையை விடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் மூன்றடிக் கம்பி போட்டு, கையால், முன்னும் பின்னுமாக அரை அங்குலம், ஒரு அங்குலம் என்று அசையுங்கள். கம்பிக்கு மேல் இன்னொரு குழாய் சொருகி பலம் கூட்ட வேண்டாம். சுற்ற ஆரம்பித்ததும் ஒருவர் ராக்கரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு வால்வு மேலே வராமல் ஒட்டி நின்றால் உடனே நிறுத்துங்கள், இல்லையென்றால் புஷ் ராட் வளையும். ஸ்டார்ட்டர் மோட்டாரை இந்தக் கட்டத்தில் தொடவே கூடாது.

எஞ்சின் சுற்றியதும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கத் தோன்றும். இருபது வருடம் நின்ற வண்டிக்கு மேலே ஹெட்டையும் கீழே ஆயில் தொட்டியான சம்ப்பையும் கழற்றிப் பார்த்துவிடுவதே நல்லது என்பேன். சம்ப் அடியில் தார் மாதிரி கசடு இருக்கும். அது ஆயில் ஸ்ட்ரெய்னரை அடைத்தால் இரண்டே நிமிடத்தில் பேரிங் போய்விடும். புஷ் ராட் பன்னிரண்டையும் ஓர் அட்டையில் துளை போட்டு வரிசையாகக் குத்தி வையுங்கள். பேரிங் கேப்களில் எண் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கழற்றும் முன் சென்டர் பஞ்ச் என்ற கூர் உளியால் புள்ளி வையுங்கள். துளையின் தேய்மானம் 0.20 மி.மீ. தாண்டினால் ரிங் மட்டும் மாற்றுவது வீண், ஸ்லீவ் மாற்றி ரீபோர் செய்யுங்கள். ரிங்கைத் தனியாகத் துளைக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாயிடைவெளியை ஃபீலர் கேஜால் அளப்பது மகளுக்கு ஏற்ற வேலை. ஏறக்குறைய 0.35 மி.மீ. இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் பூட்டினால் சூட்டில் ரிங் விரிந்து முட்டி ஸ்லீவைக் கீறும். வால்வு இடைவெளி 697-க்கு, எஞ்சின் ஆறியிருக்கும்போது இன்லெட் 0.20, எக்ஸாஸ்ட் 0.30. சிலிண்டர்கள் சுடும் வரிசை 1-5-3-6-2-4.

உப்புத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டி என்றால் பிளாக்கின் பக்கவாட்டு மூடிகளைத் தட்டி எடுத்து, பின்பக்கச் சிலிண்டர்களைச் சுற்றிக் கம்பியால் கிளறுங்கள். சேறும் சுண்ணாம்பும் அங்கேதான் தங்கும், ஹீட் ஏறுவதற்கு ரேடியேட்டரைவிட அதுவே பெரிய காரணம். போர் தண்ணீரை இனிமேல் அந்த எஞ்சினுக்குக் காட்டாதீர்கள், கூலன்ட் கலந்த காய்ச்சி வடித்த நீர் போதும்.

ஹெட் சோதனை, கிராங்க் கிரைண்டிங், டீசல் பம்ப், இன்ஜெக்டர் நான்கையும் வெளியே கொடுங்கள், வீட்டில் முயற்சிக்க வேண்டாம். குறிப்பாக இன்ஜெக்டர் அடிக்கும்போது யாரும் கையைக் காட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தினது போல்தான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. டீசல் டேங்க்கைக் கழற்றி, உள்ளே அரைக் கூடை ஜல்லியும் சோப்புத் தண்ணீரும் போட்டு உருட்டினால் கசடு வரும். ஓட்டையை அடைக்கிறேன் என்று வெல்டரிடம் நேரே கொண்டுபோகாதீர்கள். காலி டேங்க்தான் வெடிக்கும். குளவி மண்கூடு கட்டிய காற்றுத் துளைகளையும் ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள். டேங்க் மூச்சுவிடும் துளை அடைத்திருந்தால் வண்டி பத்து நிமிடம் ஓடி நிற்கும், காரணம் தெரியாமல் பம்ப்பைத் திரும்பக் கழற்றுவீர்கள்.

முதல் ஸ்டார்ட் அன்று, ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, வாயை முழுதாக மூடும் கனமான பலகை ஒன்றை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். நின்றுபோன பம்ப்பில், டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் முழு டீசல் நிலையில் ஒட்டிக்கொண்டால், எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் வேகம் ஏறிக்கொண்டே போகும். ஸ்டாப் இழுத்தாலும் நிற்காது, சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்றை மூடினால்தான் நிற்கும். கையாலும் துணியாலும் மூடாதீர்கள், இழுத்துக்கொள்ளும். ஆயில் 15 லிட்டர் வாங்கி வைத்து டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றுங்கள். ஸ்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டே, பிரஷர் மீட்டர் அசையும்வரை ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். பிறகு ஃபில்டரிலும் பம்ப்பிலும் ஏர் எடுத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். ரீபோர் செய்த எஞ்சினை அரைமணி நேரம் சும்மா ஐடிலில் ஓட விட்டு ரசிக்க வேண்டாம். ரிங் பதியாமல் ஸ்லீவ் கண்ணாடி மாதிரி பளபளத்துவிடும், அப்புறம் ஆயில் குடிக்கும். 1,000 முதல் 1,200 ஆர்.பி.எம்.மில் சூடேற்றி, வயலுக்குள் கொஞ்சம் பாரம் ஏற்றி ஓட்டுங்கள்.

சேஸிஸில் ரிவெட்டுகளைச் சுற்றித் துருநீர் வழிந்த கோடு தெரிந்தால் அது ஆடுகிறது என்று அர்த்தம். துளையைச் சரிசெய்து ஹைடென்சில் போல்ட் போடலாம். விரிசல் இருந்தால் முனையில் 6 மி.மீ. துளை போட்டுவிட்டுத்தான் வெல்டிங், இல்லையென்றால் வெல்டிங் தாண்டி ஓடும். ஒயரிங்கை ஒட்டுப் போடாமல் முழுவதும் புதிதாக இழுங்கள், எலி கடித்தது எங்கே என்று தேடுவதைவிட அது சுலபம். பேட்டரி பக்கத்திலேயே ஒரு மெயின் சுவிட்ச் கட்டாயம். சீட், மேல்கூரை எல்லாம் உங்கள் விருப்பம்.

பெயின்ட்டை ஆடிக் காற்றிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் தொடாதீர்கள். ஒன்றில் புழுதி ஒட்டும், மற்றதில் ஈரம் உள்ளே அடைபடும். தை முதல் பங்குனி வரை உங்கள் ஊருக்குச் சரியான காலம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்பதால் தண்ணீர் போட்டே தேயுங்கள். பட்டி 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம், பள்ளம் பெரிதென்றால் டிங்கரிங்தான் வழி. ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு மாதக்கணக்கில் விடுகிறார்கள், அது தண்ணீரைத் தடுக்காது. ஒரு வாரத்துக்குள் மேல்பூச்சு ஏற வேண்டும். தேய்க்கும்போது கதவில் பழைய எழுத்து அடுக்கடுக்காகத் தெரியும். அதை போட்டோ எடுத்து, டிரேசிங் தாளில் அளவோடு பிரதி எடுத்த பிறகே மேலே தேயுங்கள்.

நட்சத்திரச் சின்னம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். டெல்கோவுக்கும் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) மெர்சிடிஸைத் தயாரித்த டைம்லர் பென்ஸுக்கும் ஒப்பந்தம் 1954-லிருந்து 1969 வரை. அதற்குப் பிறகுதான் நட்சத்திரம் போய் டாடாவின் எழுத்து வந்தது. உங்களுடையது 1968 என்பதால் நட்சத்திரம் இருப்பதே சரி. ஆனால் கிரில் பின்னாளில் மாற்றியதாக இருந்தால், சின்னத்துக்கான துளைகள் வேறு இடத்தில் இருக்கும். வாங்கும் முன் அளந்து பாருங்கள். நெற்றியில் ‘பப்ளிக் கேரியர்’ பலகையும் இருந்திருக்கும். அது 1939-ஆம் வருடச் சட்டத்தின் பெர்மிட் பெயர், 1988 சட்டத்தோடு போய்விட்டது. கேபின் மரச்சட்டத்தில் ஆணித்துளைகள் மிச்சமிருந்தால் பலகையின் அளவு அதிலேயே கிடைக்கும். மஞ்சளா, வெள்ளையா, எழுத்து எந்தச் சாய்வில் இருந்தது என்பதை அப்பாவிடம் கேட்டு, பெயின்டரை அவர் பக்கத்திலேயே உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள்.